கிரீஸ் பூசும் நாள்

நூற்று அறுபத்தேழு படிகள்.
நம்பாவிட்டால் வால்பராய்சோவுக்கு வந்து எண்ணிக்கொள்ளுங்கள்,
துறைமுகத் தெருவிலிருந்து எங்கள் குன்றின் உச்சி வரை.
தொண்ணூற்றொன்றாவதில் ஒரு செம்மி நாய் படுத்திருக்கும்.
அதை எண்ணாதீர்கள், இடம் மாறும்.

நான் குன்றேறும் கம்பிவண்டியில் டிக்கெட் கிழிப்பவள்.
பெயர் ஃப்ரெசியா. வயது நாற்பத்தெட்டு.
பதினோரு வருடம் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்தபடியே
ஊரை மேலே ஏற்றினேன்.
ஊர் ஏறியது.
கூடவே நானும், கிலோ கிலோவாக.

மார்ச்சில் மருந்துக்கடைத் தராசு
தொண்ணூற்று நான்கு என்றது.
அன்றிலிருந்து படிதான்.
வேலைக்கு முன் மூன்று முறை, பின் மூன்று முறை.
ஞாயிறும் உண்டு. மழையும் உண்டு.
தங்கை மகள் கல்யாணத்தன்று
புது உடுப்போடு, குதிகால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
இரண்டு முறை.

ஏப்ரலில் நான்கு கிலோ போனது.
மே மாதம் ஒன்றரை.
ஜூனில் முள் அசையவே இல்லை.
விடுவேனா?
ஏழு முறை. எட்டு முறை.

இரவில் உடம்பு படுத்திருக்கும்,
முழங்கால் மட்டும் போர்வைக்குள்
தனியாக ஏறிக்கொண்டிருக்கும்.
விடியும்போது அது அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டிபோல
உப்பியிருக்கும்.
சில்லறை கேட்ட ஒரு பையனிடம்
சள்ளென்று விழுந்தேன். பாவம்,
சில்லறைதான் கேட்டான்.
ஜூலை முதல் தேதி தராசு
என் காசையும் தின்றுவிட்டு
அறுநூறு கிராம் கூட்டிக் காட்டியது.

நிறை குறையட்டும் என்று கிளம்பினேன்,
குறைதான் நிறைந்தது.

மாதத்தின் இரண்டாம் புதன் வண்டி ஓடாது.
ஒவிடியோ இயந்திர அறையைத் திறந்து
கம்பியை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்ப்பான்,
நைந்த இழையைத் தேடி.
பிறகு கை முழுக்கக் கிரீஸ்.
வாசலில் நின்று ஆட்களைத் திருப்பி அனுப்புவது என் வேலை.

அந்தப் புதன், வெங்காயப் பையோடு வந்த ஒருத்தி
என்னை முறைத்தாள்.
"நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்கு நிறுத்துகிறீர்கள்?"
பதினோரு வருடமாகச் சொல்லும் பதில்,
தூக்கத்தில் கேட்டாலும் வரும்:
"நன்றாக ஓடுவதால்தான், அம்மா.
நிறுத்தாத கம்பி
ஏற்றத்தில் அறாது,
ஏதோ ஒரு சாதாரண நாளில் அறும்."

சொல்லி முடித்தபோது
என் இடது முழங்கால் என்னைப் பார்த்தது.

அவள் முணுமுணுத்துக்கொண்டே படியேறினாள்.
நானும் பின்னால் போனேன், பழக்கம்.
தொண்ணூற்றொன்றில் நாய் நகரவில்லை.
அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

சும்மா உட்காருவது சும்மா இல்லை.
முதல் பத்து நிமிடம் திருடியைப்போல் இருந்தது.
தொடை துடித்தது, எழு எழு என்றது.
கீழே பாரந்தூக்கிகள் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தன,
பனிமூட்டம் கப்பல்களை ஒவ்வொன்றாக
அழித்து அழித்து வரைந்தது.
பக்கத்துத் தண்டவாளத்தில் இரண்டு பெட்டிகளும்
பாதி வழியில், தோளோடு தோள், நின்றிருந்தன.
எத்தனை ஆயிரம் முறை பார்த்திருப்பேன்:
ஒன்று இறங்கும் கனத்தில்தான்
மற்றது ஏறுகிறது.

அன்று மாலை பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன்.
பீன்ஸ் கஞ்சி ஒரு கிண்ணம், குற்றவுணர்ச்சி அரைக் கிண்ணம்.
ஒன்பது மணி நேரம் தூங்கினேன்,
கல்லைப்போல் அல்ல,
கல்லை இறக்கி வைத்தவளைப்போல்.

இப்போது வாரத்தில் ஐந்து நாள் படி.
ஞாயிறும் புதனும் வண்டி,
என் டிக்கெட்டை நானே வாங்கி
நானே கிழிக்கிறேன்.
இரண்டாம் புதன் மட்டும் நாய்க்குப் பக்கத்தில் ஓர் இடம்.

எடை கேட்கிறீர்களா?
இன்று புதன்.
தராசுக்கும் விடுமுறை.