மறு அறிவிப்பு வரை

பிட்ஸ்பர்க். ஜூலைப் புழுக்கம்.
எமில் வீட்டு நிலவறையில்
எண்பத்தேழில் ஒரு பங்காய்ச் சுருங்கிய நகரம்.

ஒலிநாடாவை ஓடவிடுகிறான் கிளைட்.
உள்ளூர் வானொலி, அறுபத்திரண்டில் ஒரு காலை:
இறைச்சிக்கடை விளம்பரம், யாரோ இருமுகிறார்கள்,
பிறகு அந்தக் கரகரத்த குரல்.
"மேட்டுத்தெருவெங்கும் பனி.
நாற்பத்திரண்டாம் எண் டிராம்
மறு அறிவிப்பு வரை நிற்கும்."

எமில் திருகைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருகிறான்.
பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது டிராம்.
அரிசிமணி விளக்கு மட்டும் எரிகிறது.
ஜன்னலோரம்
இன்னும் வர்ணம் பூசாத ஒருத்தி.

நாடா அங்கேயே தீர்ந்துவிடும்.
தெரியும்,
எப்போதும் அங்கேதான் தீரும்.
சுழலும் சக்கரத்தில் அதன் வால்
தட்டித் தட்டி அடிக்க
காத்திருக்கிறோம் மூவரும்.

மேலிருந்து லொரெய்ன்:
"சாப்பிட வருகிறீர்களா, இல்லையா?"

"பனி" என்கிறான் எமில்.
"வண்டி இல்லை."