பற்று வரவு

ஆண்டவரே,
காரைக்குடி செக்காலை ரோட்டில்
நான் அடகு பிடிக்கிறவன்.
கடை முதலாளியுடையது. கை மட்டும் என்னுடையது.
பெயர் சூசைமாணிக்கம்; ரசீதில் 'சூ.மா.' என்று சுழிப்பேன்.

உம்மைப் புகழ எனக்கு வாய்த்த சொற்கள்
இந்தக் கடையில் கிடப்பவைதான்:
அசல், வட்டி, கெடு,
மூழ்கிப்போன நகை, மீட்பு.
பூசையில் சாமியார் 'மீட்பர்' என்று சொல்லும்போதெல்லாம்
என் விரல் தன்னால் லாக்கர் சாவியைத் தடவும்.

எங்கள் தராசுக்குக் கண்ணாடிக் கூண்டு உண்டு.
ஃபேன் காற்றுக்கே எண் நடுங்கும்.
யாராவது பெருமூச்சு விட்டால்
இரண்டு மில்லிகிராம் ஏறும், இறங்கும்.
சங்கரபதிக் காட்டுக்கு மேலே
இரைந்து கிடக்கிற அத்தனை நட்சத்திரத்தையும்
கூண்டில்லாமல் ஏந்தி நிற்கிற கை உமது.
அதே கை
எதிரே நிற்பவளின் பெருமூச்சையும் நிறுத்து வைக்கிறதாம்.
உமது பெருமையில் எனக்குப் பிடிபடாத பக்கம் இதுதான்.

போன ஆனியில் ஒரு மதியம்
புதுவயல் அரிசி மில்லிலிருந்து வள்ளிக்கண்ணு வந்தாள்.
புருவத்தில் தவிடு.
மகனுக்குப் பாலிடெக்னிக் ஃபீஸ், அன்று கடைசி நாள்.
கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வைத்தாள்.
உரைகல்லில் இழுத்தேன். மஞ்சள் கோடு.
திராவகம் ஒரு சொட்டு.
கோடு நுரைத்தது, பச்சையாயிற்று,
போயே போனது.

"கவரிங்மா" என்றேன்.
கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"அவரு எடுத்துக் குடுத்ததுங்க.
பதினோரு வருஷமாச்சு."
பிறகு அதையே முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு
படியிறங்கினாள்.
பையன் ஃபீஸ் கட்டினானா, தெரியாது.
கேட்கத் துணிவில்லை. உமக்குத் தெரியும்.

கடை அடைத்த பிறகும் நான் கல்லைக் கழுவவில்லை.
அழிந்துபோனது என் கோடு, ஆண்டவரே.
ஆறு வருடம் முன்பு, சீட்டில் விட்ட பணத்துக்காக
அமலோற்பவத்தின் நாலரைப் பவுனை விற்றுவிட்டு
அதே மாதிரி ஒரு கவரிங் வாங்கி
அவள் பெட்டியில் வைத்தவன் நான்.
ஊரார் பொன்னையெல்லாம் சோதிக்கிறவன்.

அன்று ராத்திரி சோற்றில் கை வைத்தபடி
சொல்லத் தொடங்கினேன். பாதியில் நா ஒட்டிக்கொண்டது.
மீதியை அவளே சொன்னாள்:
"மொதக் கோடையிலேயே கழுத்து கறுத்துப் போச்சு.
நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்.
ரசம் ஊத்தவா?"

ஆறு ஈஸ்டர்.
அந்தப் பித்தளையைப் போட்டுக்கொண்டு
பெண்கள் வரிசையில் முழந்தாளிட்டிருக்கிறாள்.
சமாதானம் சொல்லும் நேரம்
நடைபாதைக்கு அந்தப் பக்கமிருந்து
என்னைப் பார்த்துக் கைகூப்பியிருக்கிறாள்.

உமது அருள்
நான் கேட்ட பிறகு வரும் என்று எண்ணியிருந்தேன்.
கேட்குமுன்பே அது
ஒரு கழுத்தில் கறுத்துக் கிடந்தது.

பேரேட்டில் ஒரு பக்கம் பற்று, ஒரு பக்கம் வரவு.
என் பற்றை எழுதி மாளாது.
நீர் என்மேல் வைத்ததற்கும்
பற்று என்றுதான் பெயரா?
அந்த இடத்தில் பேனா நின்றுவிடுகிறது.
வரவு எழுத என்னிடம் ஒன்றுமில்லை.
நீர் வந்தீர், அது ஒன்றுதான் வரவு.
கெடு தாண்டி மூழ்கிப்போன சரக்கை
உரைத்துக்கூடப் பாராமல்...
இல்லை, உரைத்துப் பார்த்து
கோடு அழிந்ததையும் கண்டு
அதன் பிறகும்
அசலும் வட்டியுமாய் உமது இரத்தத்தை எண்ணி வைத்து
மீட்டுக்கொண்டீர்.
இப்படி ஒரு நட்டக் கணக்கை
செட்டிநாட்டில் எந்தக் கடையும் எழுதியதில்லை.

இருட்டிவிட்டது. ஷட்டரைப் பாதி இறக்கியாயிற்று.
செக்காலைக் கோயிலில் மணி அடிக்கிறது.
தராசுத் தட்டில் ஒன்றுமே இல்லை;
ஆனாலும் கூண்டுக்குள்
எண் ஏறி ஏறி இறங்குகிறது.
அணைக்காமல் நிற்கிறேன்.
உமக்கே புகழ்.