தடைக்காலத்து கேக்

வலை கரையில். படகு கரையில்.
தேசப்பன் என் அடுப்படியில்.

குக்கரின் கேஸ்கட்டைக் கழற்றி எங்கேயோ வைத்தான்.
அடியில் கல்லுப்பு, அதன்மேல் ஒரு தட்டு,
மைதா ஒன்றரை டம்ளர்,
சர்க்கரை கண்ணளவு.
கண்ணளவு கூடாதென்று போனில் அந்தப் பெண்
மூன்று முறை சொல்லியும் கண்ணளவுதான்.

முதல் கேக் நடுவில் பள்ளம்.
மழை விட்ட மறுநாள்
ஜீவரத்தினம் சாலை மாதிரி இருக்கு என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.

இரண்டாவது,
மூடியைத் திறந்து திறந்து பார்த்ததிலேயே செத்தது.

மூன்றாவது தடவை மூடியைத் தொடவில்லை.
பதினெட்டு வருஷம் டீசல் எஞ்சினுக்குக் கொடுத்த காதை
குக்கர் பக்கம் சாய்த்து
"ஓடுது" என்றான்.
வெகுநேரம் கழித்து,
"நின்னுட்ச்சு."

ஈர்க்குச்சி ஈரமில்லாமல் வந்தது.
வெனிலா வாசத்தில்
யாரோ வசதியான சொந்தக்காரர்
வீட்டுக்கு வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.
பிள்ளைகள்கூடச் சத்தம் போடவில்லை.

ஜூன் பதினாலு ராத்திரி
ஐஸ் பெட்டிக்கும் டீசல் கேனுக்கும் நடுவில்
துண்டில் சுற்றிய கேக் கடலுக்குப் போனது,
ஏழு பேருக்கு ஏழு துண்டு.

இன்றோடு நாலு நாள்.
அங்கே டவர் கிடையாது.
பருப்பு அரைவேக்காட்டில் கிடக்கிறது.
எங்கே வைத்துத் தொலைத்தான்
அந்த கேஸ்கட்டை?