நான்கு கிண்ணங்கள்

நான்கு மணி நேரம் என்றான் க்ளென்,
கையுறையைக் கழற்றியபடி.
பிறகு ஜன்னலைத் திறந்து வை, அரை மணி.
தரை காய்ந்தால்தான் உள்ளே கால்.
வின்னிபெக்கில், ஜனவரியில், ஜன்னலைத் திறப்பது
சும்மா இல்லை.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.

பால்கனியில் ஒரு வாரமாக
கறுப்பு மூட்டைகளில் கிடக்கிறது எங்கள் வீடு.
வெர்னாவின் கம்பளிச் சட்டைகள், என் டிப்போ சீருடை,
தீசன் குடும்பத்து ஜெர்மன் வேதாகமம்
எல்லாம் கல்லாய் இறுகி.
மூட்டைப்பூச்சிக்குப் பயந்து
வீட்டைக் கொளுத்துவதுதான் பழமொழி.
நாங்கள் உறைய வைத்தோம்.

பதினொரு இரவு அவள் குளியல் தொட்டியில் படுத்தாள்.
நான் சமையலறையில், இரண்டு நாற்காலி சேர்த்து.
சந்தில் கிடந்த சாய்வு நாற்காலியைத்
தூக்கி வந்தவன் நான்.
ஒருமுறைகூட அவள் அதைச் சொல்லவில்லை.
முன்கையில் வரிசையாய் மூன்று தடிப்பு.
அதை மட்டும் காட்டுவாள்,
கடைக்காரர் ரசீது நீட்டுவது போல.

இப்போது கதவைத் திறக்கிறேன்.
குளிரில் மருந்து வாசனை மெலிந்திருக்கிறது.
சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி நிற்கிறது கட்டில்.
நான்கு காலுக்கும் நான்கு பிளாஸ்டிக் கிண்ணம்.
மெத்தைக்கு உறை, ஜிப் முனையில் டேப்.
போர்வை தரையைத் தொடக்கூடாது.
சுவரோரத்து வெள்ளைப் பொடியைத் துடைக்கவே கூடாது.

இனி பயமில்லையே என்று கேட்டதற்கு
பூட்ஸ் கயிற்றை இழுத்தபடி சொல்லியிருந்தான் க்ளென்:
"சோபாவுக்கு ஓடாதீங்க. இங்கேயே படுங்க.
நீங்க படுத்தாத்தான் மிச்சம் மீதி வெளியே வரும்.
மருந்தை மிதிச்சுத்தான் வரணும்.
வந்தா தீர்ந்தது."
வெர்னா என்னைப் பார்த்தாள்.
ஆக, நாங்கள்தான் இரை.

பத்தரைக்கு விளக்கை அணைத்தோம்.
போர்வையின் ஒவ்வொரு இழையும் ஊர்ந்தது.
என் கை முடியே என் மேல் நடந்தது.
டார்ச்சைப் போட்டாள், அணைத்தாள், போட்டாள்.
தையலில் ஒரு கறுப்புப் புள்ளி.
நூல்.
இன்னொன்று. அதுவும் நூல்.

"என் பக்கம் வந்தால்?"
"இடம் மாறிக்கொள்ளலாம்."
அவள் மேல் உருண்டு
சுவர்ப் பக்கம் போனேன்.
நெடுநேரம் கழித்து, இருட்டில்,
"அந்த நாற்காலி
உட்கார நன்றாகத்தான் இருந்தது," என்றாள்.

காலையில் மண்டியிட்டுப் பார்த்தேன்.
மூன்று கிண்ணம் காலி.
நான்காவதில், என் தலைமாட்டுப் பக்கம்,
எள்ளளவில் ஒன்று, கால்கள் மேலே.
காட்டலாம் என்று எழுந்தால்
வாயைத் திறந்து, கட்டிலின் குறுக்கே,
என் இடத்தையும் சேர்த்து
தூங்கிக்கொண்டிருந்தாள் வெர்னா.