தொகுதி எண் 4471

இரவு பதினொன்று. அம்கேனி சாலை அலுவலகம்.
மிளகாய் மசாலா டப்பாவில் சல்லடைக் கம்பித் துண்டு.
விடியுமுன் ஓர் அறிக்கை வேண்டும்
முதலாளி படையாச்சிக்கு.

எழுதினேன்:
‘தரத்தில் சிறு குறை நேர்ந்துவிட்டது.
சிரமத்துக்கு வருந்துகிறோம்.’
பதினாறு வருடப் பழக்கம்.
எழுவாயை எங்கே ஒளிப்பது என்று
என் விரல்களுக்குத் தெரியும்.
குறையாம், தானாக நேர்ந்ததாம்,
மழை மாதிரி.

அப்போது உதவி எண்ணில் ஓர் அழைப்பு.
உம்லாசியிலிருந்து நொம்புலேலோ.
ஆளில்லை, நானே எடுத்தேன்,
எழுதியதை வாசித்துக் காட்டினேன்.
முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:
“நேற்று பிள்ளைகளுக்கு பீன்ஸ் கறி வைத்தேன்.
அந்த டப்பாவா, இல்லையா?”

அந்தக் கேள்விக்கு
என் இரண்டு வரியிலும் இடமில்லை.

மூடியைத் திருப்பச் சொன்னேன்.
நாலு, நாலு, ஒன்று,
கண்ணாடி தேடப் போனாள்,
ஏழு.
இரு முனையிலும் மூச்சு வந்தது.

அழித்து எழுதினேன்:
மூடியின் உள்பக்கம் எண் பாருங்கள்.
4471 என்றால் சமைக்காதீர்கள்.
சாப்பிட்டுத் தொண்டை வலித்தால் மருத்துவமனைக்குப் போங்கள்,
செலவு எங்களுடையது.
சல்லடை உடைந்ததைக் கவனிக்காமல் அரைத்தோம். நாங்கள்தான்.
எத்தனை டப்பா வெளியே போனது, இன்னும் தெரியாது.
நண்பகலில் சொல்கிறோம்.

படையாச்சி வாசித்தார்.
வக்கீலைக் கேட்கணுமே என்றார். கேட்கவில்லை.
‘தெரியாது’ மேல் பேனா வெகுநேரம் நின்றது.
அடித்துவிடுவார் என்றிருந்தேன்.
கீழே இறங்கி
தன் சொந்தக் கைபேசி எண்ணை எழுதினார்.

ஐந்தரைக்கு
அது ஒலிக்கத் தொடங்கியது.