நாற்பது ஹெர்ட்ஸ்

வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி
மூன்றாவது தென்னந்தோப்பு.
பழனாத்தாள் கேட்டது பத்து ஹெச்பி.
"பக்கத்துக் காட்டுல பத்துங்க."
அது வேறு கிணறு என்றேன்.
"தண்ணி ஒண்ணுதானுங்களே?"

நட்டு கட்டிய டேப்பை இறக்கினேன்.
முப்பத்தொரு மீட்டரில் சளக்.
மேட்டுத் தொட்டிக்கு இன்னும் ஒன்பது.
நான்கு வளைவு, ஒரு வால்வு,
பழைய குழாயின் சொரசொரப்பு
எல்லாம் பீடிக்கட்டுக் காகிதத்தில் கூட்டி
ஏழரை போதும் என்று எழுதினேன்.
முகம் சுண்டிப்போயிற்று அவளுக்கு,
மாப்பிள்ளைக்குச் சம்பளம் குறைத்துச் சொன்னதுபோல.

டிரைவ் பெட்டியோடு வந்த தாளை நீட்டினாள்:
வேகம் ஐந்தில் ஒன்று குறைந்தால்
கரண்ட் பாதி.
"அந்தப் பாதியக் குடுங்க."

குமிழைத் திருகினேன்.
ஐம்பதில் தொட்டி அதிர்ந்தது.
நாற்பத்தைந்தில் கைத்தடிமன்.
நாற்பத்தொன்றில் நூல்.
நாற்பதில்

மோட்டார் சுற்றுகிறது
மீட்டர் சுற்றுகிறது
குழாய் வாய் காய்கிறது.

இரும்பில் காது வைத்துக் கேட்டாள்.
விளிம்புக்கு ஒரு சாண் கீழே
அத்தனை தூரம் ஏறிவந்த தண்ணீர்
மேலேயும் வராமல் கீழேயும் போகாமல்
நடுங்கிக்கொண்டு நின்றது.

"அப்ப, ஆழத்துக்குத் தள்ளுபடி இல்லீங்களா?"

இல்லை.

உள்கதவில் பென்சிலால் எழுதிவைத்தேன்:
இப்போது 43.
சித்திரையில் தண்ணீர் இறங்கினால் 46.
அதற்கும் கீழே இறங்கினால்
என்று தொடங்கி, விட்டுவிட்டேன்.

அவள் தாளை நாலாக மடித்து
கடகடவென்று ஆடிய பேனல் கதவிடுக்கில் செருகினாள்.
சத்தம் நின்றது.