ஏழாம் அடிக்குறிப்பு

மூன்றாம் மாடி அறையில்
ரேடியேட்டர் ஒரு பக்கம்தான் சூடாகும்.
அந்தப் பக்கம் எப்போதும்
பிஷ்கெக் நகரத்துப் பிள்ளைகளுக்கு.

பன்னாட்டு நீர் ஒப்பந்தங்கள். செய்முறைத் தேர்வு.
விரிவுரையாளர் புரூல்கான் பலகையில் ஓர் ஆறு வரைகிறார்,
காலுறையில் நூல் பிரிந்தது போல.
"நாடுகளுக்குப் பெயர் கிடையாது.
மேலே அ. கீழே ஆ."
பெயர்கள் எல்லோருக்கும் தெரியும்.
ஒருவரும் சிரிக்கவில்லை.

தொப்பிக்குள் கைவிட்டு எடுத்த சீட்டில்
எனக்கு ஆ.
பத்கென் பக்கத்துப் பெண் நான்.
எங்கள் ஊர் தலைமடை.
கடைமடைக்காரர்களை நாங்கள் அழைக்கும் சொல்லை
இங்கே எழுத முடியாது.
மாற்றித் தரட்டுமா என்று புரூல்கான் கண்ணால் கேட்டார்.
வேண்டாம் என்றேன்.
வீம்பா, மதிப்பெண் ஆசையா,
இன்னும் தெரியவில்லை.

அ நாட்டின் தூதுக்குழுத் தலைவன் எர்னிஸ்.
மடிப்புக் கலையாத சட்டை.
இறையாண்மை என்ற சொல்லைப் பதினொரு முறை சொன்னான்,
எண்ணிக்கொண்டிருந்தேன்.
"எங்கள் மண்ணில் பிறக்கும் நீர்" என்றான்,
குழாயில் தவிர வேறெங்கும்
நீர் பிறந்து பார்த்திராதவன்.

பகல் அளவுகள் சரி, என்றேன்.
இரவு அளவுகள் எங்கே?

இரவு என்றால்?

இரவு என்றால் இரண்டு மணி.
சரளைக்கல் நிரப்பிய ஐந்து மூட்டை போதும்
அந்த அகலத்துக்கு.
விடியுமுன் எடுத்துவிட வேண்டும்.
மதகுப் பலகையில் ஒரு சாண் உயரத்துக்கு
ஈரக்கறை மட்டும் நிற்கும், வெயில் படும்வரை.
அளவெடுக்கும் ஆள் எட்டு மணிக்குத்தான் வருவார்.

இது கற்பனை, என்றான் எர்னிஸ்.

அப்போது எனக்கு ஒன்பது வயது.
டார்ச் என் கையில்.
கீழே பிடி, இன்னும் கீழே என்றார் கல்முர்சா சித்தப்பா.
அக்கரை நாய் குரைக்கவில்லை,
எங்களைப் பழகியிருந்தது.
யாரோ இருட்டில் ஒருமுறை இருமினார்கள்.
அவ்வளவுதான்.
மூட்டையை இறக்கிவிட்டு வீடு திரும்பினோம்.
அந்த வருஷம் எங்கள் ஆப்ரிகாட் நன்றாகக் காய்த்தது.

இதைச் சொல்லவில்லை.
மதகுக்கு இரண்டு பூட்டு,
கரைக்கொரு சாவி,
இரவிலும் ஓடும் அளவுமானி என்று
ஷரத்து நான்கை எழுதிக் கொடுத்தேன்.
மாலை நாலரைக்கு அ கையெழுத்திட்டது.
எனக்குத் தொண்ணூற்று நான்கு.

உணவகத்தில் எர்னிஸ் ஒரு சம்சா வாங்கித் தந்தான்.
"எப்படி யோசித்தாய் அந்த மூட்டையை?
அபாரம்."
ஆட்டுக்கொழுப்பு நாக்கைச் சுட்டது.
நல்ல பையன்தான்.

இரவு சித்தப்பா போனில்.
என் கல்லூரிக் கட்டணம்
அவருடைய ஆப்ரிகாட் மூட்டைகள்.
இன்றைக்கு என்ன பாடம்?
ஆறு, என்றேன்.
ஆற்றில் படிக்க என்னம்மா இருக்கிறது!
சிரித்தார்.
பிறகு, அறையில் குளிர்கிறதா என்று கேட்டார்.
இல்லை என்றேன்.

அறிக்கையின் ஓரத்தில் புரூல்கானின் சிவப்பு மை:
மிகச் சிறப்பு.
குறிப்பு ஏழுக்கு ஆதாரம் தேவை. வெள்ளிக்குள்.

இன்று வியாழன்.
ஏழு போட்டு, புள்ளி வைத்து,
அப்படியே விட்டிருக்கிறேன்.
எட்டு முடிந்துவிட்டது.
அது சுலபம்,
ஒப்பந்தத் தொகுப்பு, பக்கம் நாற்பத்தொன்று.